யூட் அண்ணா சொன்ன செப்டெம்பர்

யூட் அண்ணா போய்விட்டார்... நேற்றுக் காலை, நித்திரையிலேயே. மாரடைப்பாம்.

செய்தி சொன்னது அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா. எட்டு வருடம் அவரோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவள் நான். ஆனாலும் கேட்டவுடன் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம்.

ஏன் என்று சொல்கிறேன். நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோவில் ஒரு சின்ன எண்ணெய், எரிவாயு நிறுவனம். எந்த மாதம் கடலிலிருந்து எவ்வளவு கேஸ் வரும் என்று திட்டம் போடுவது யூட் அண்ணா. அந்தக் கேஸுக்கு முன்கூட்டியே விலையைக் கட்டி வைப்பது நான்... ஹெட்ஜிங் என்பார்கள்.

என் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டத்தில் யாரோ "அதென்ன வேலை?" என்று கேட்க, மன்னார்க்காரரான யூட் அண்ணா தன் பாணியில் விளக்கினார்.

"வள்ளம் கடலுக்குப் போக முன்னமே மீனுக்கு விலை பேசுறது. சந்தையிலை விலை விழுந்தா வித்தியாசம் எங்களுக்கு வரும். ஏறினா நாங்கள் குடுக்கோணும்... கையிலை மீன் இருந்தா அதை வித்துச் சரிக்கட்டலாம்."

"வள்ளம் போகாட்டி?"

"அப்ப விலை பேசினவ துலைஞ்சா!" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

கந்தோரில் தமிழர் நாங்கள் இருவர்தான். மத்தியானம் மற்றவர்கள் பாணில் பழுப்புச் சீஸ் வைத்துக் கடிக்கும்போது, யூட் அண்ணாவின் பெட்டிக்குள் மாசிச் சம்பல் இருக்கும். பாதி எனக்கு.

வேலைக் கதையும் அந்த மேசையிலேயே தமிழில் ஓடும். திட்டத்தில் மாற்றம் என்றால் மெயிலில் எழுதவேண்டும் என்பது விதி... நாங்கள் சம்பலோடு சொல்லி முடித்துவிட்டு, பிறகு ஆறுதலாக எழுதுவோம்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்.

"தங்கச்சி, கடல் பிளாட்ஃபோம் திருத்த வேலையை ஒக்டோபரிலை இருந்து செப்டெம்பருக்கு மாத்திப்போட்டாங்கள். செப்டெம்பர் முழுக்கக் கேஸ் வராது. அந்த மாசத்துக்கு விலை கட்டிப்போடாதேங்கோ. மெயில் திங்கக்கிழமை போடுறன்."

"ஓம் அண்ணா" என்றேன். கண் போனில் இருந்தது. மகளின் வகுப்புப் பெற்றோர் குழுவில் ஏதோ சண்டை...

இரண்டு மணித்தியாலத்தில் நல்ல விலை ஒன்று வந்தது. செப்டெம்பருக்குக் கட்டிவிட்டேன். அவர் சொன்னது துளியும் நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை அவருடைய மெயிலைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. அதற்குள் விலை ஏறத் தொடங்கியிருந்தது. பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள் மேலே... இன்னும் ஏறியது.

செப்டெம்பரில் வித்தியாசத்தை நாங்கள் கொடுத்தோம். விற்றுச் சரிக்கட்டக் கேஸ் இல்லை. வள்ளம் போகவில்லை.

பிறகு விசாரணை. மேலாளர் நொஸ்கில், அதாவது நோர்வேஜிய மொழியில், என்னிடம் கேட்டார்: "வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

"அன்றைக்கு எனக்கு மெயில் வரவில்லை" என்றேன்.

ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அதைவிடக் கேவலமான பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

எதிரில் இருந்த யூட் அண்ணா ஒரேயொரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு மேலாளர் பக்கம் திரும்பி, "நான்தான் பிந்தி எழுதினேன்" என்றார்.

அவரைத் திட்டமிடலிலிருந்து எடுத்துப் பழைய கோப்புகளோடு இருத்தினார்கள். ஆறு மாதத்தில் அவராகவே விலகினார். பிரியாவிடைக் கேக் வெட்டும்போது நானும் கை தட்டினேன்...

பிறகு பஸ் ஓட்டினார். ஒரு காலை ஹொல்ம்லியாத் தரிப்பிடத்தில் பனிக்குள் நிற்கிறேன், பஸ் வந்து கதவு திறந்தது. ஓட்டுநர் ஆசனத்தில் அவர்.

நான் போனைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். கதவு நெடுநேரம் திறந்தபடியே இருந்தது... உள்ளே இருந்தவர்களுக்குக் குளிர்ந்திருக்கும். பிறகு மூடியது. நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

போன வருடம் குறொன்லாண்டில் மரக்கறிக் கடை. முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நேருக்கு நேர், தப்ப வழியில்லை.

"என்ன தங்கச்சி, மகள் எப்பிடி? இப்பவும் விலை கட்டுறதுதானோ?"

"ஓம் அண்ணா."

"செப்டெம்பர் கவனம்!" என்று சிரித்தார். குத்தல் இல்லை, அவருக்குக் குத்தத் தெரியாது. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது... நான் முருங்கைக்காய் முற்றலாக இருக்கிறது என்றேன்.

இன்று காலை ஸ்டெல்லா அக்கா சொன்னது: "வெள்ளிக்கிழமை அடக்கப் பூசைக்குப் பழைய கந்தோர் ஆக்களும் வருவினம். நீர் அவரைப் பற்றி ரண்டு வார்த்தை கதையுமன். தன்ரை பிழையாலைதான் அந்த வேலை போனதெண்டு கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர், பாவம்."

மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்போது ஓம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். பின்னேரம் திரும்ப எடுத்து, முழுவதையும் சொன்னேன்.

அக்கா ஒன்றுதான் கேட்டார். "கந்தோர் ஆக்களுக்கு இது தெரியுமே?"

"இல்லை அக்கா..."

"அப்ப வெள்ளிக்கிழமை நொஸ்கிலை சொல்லும்." போனை வைத்துவிட்டார்.

இதைத் தமிழில் எழுதுவது சுலபம். என் மேலாளர் வாசிக்கமாட்டார். தயவுசெய்து கீழே எனக்கு ஆறுதல் எழுதாதீர்கள்... அவருக்கு மட்டும் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில், எல்லோருக்கும் முன்னால், அவர்களுக்கு விளங்குகிற மொழியில் சொல்வேன்.

போயிட்டு வாங்கோ, யூட் அண்ணா. நீங்கள் சொன்னனீங்கள்... நான் ஓம் எண்டனான்.