தண்ணிக்கதவில் சிக்கிய சாமிகள்

சேற்றில் கால் புதையும்போது எழும் உப்பு வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மலேசியாவில் பேராக்கின் கடலோரப் பக்கம், எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையை நாங்கள் "பாரிட்டு" என்போம்; நாளுக்கு இருமுறை கடல்நீர் அதற்குள் ஏறி வரும், இருமுறை வற்றும். அதன் வாயில் இருந்த இரும்பு மதகு எங்களுக்குத் "தண்ணிக்கதவு". ஏற்றத்தில் வரும் இறாலை அம்மா பழைய சேலையால் வாரிச் சம்பல் வைப்பார். கரையில் கழற்றிய என் செருப்பை நீர் கொண்டுபோனால், "அழுவாத, வத்தும்போது வரும்லா" என்பார். பெரும்பாலும் வரவும் செய்யும்.

எனக்குப் பத்து வயதில் தோட்டத்தை விற்றார்கள். அக்கரையில் கட்டிக்கொடுத்த சின்ன வீடுகளுக்கு லயமே குடிபெயர்ந்தது. அங்கே இத்தனை சாமி படங்களுக்குச் சுவர் ஏது? விரிசல் விட்டவற்றையும் நிறம் மங்கியவற்றையும் குப்பையில் போட மனம் வராமல், வீட்டுக்கு வீடு மஞ்சள்நீர் தெளித்து, சூடம் காட்டி ஓடையில் விட்டோம். நீலச் சட்டம் போட்ட எங்கள் மாரியம்மனை விட்டது நான்தான். கடலுக்குப் போய்விடும் என்ற நினைப்பு! எல்லாம் கதவடியில் போய்ச் சேறோடு இறுகிக்கொண்டன. அந்த மழைக்காலத்தில் இறக்கிய கதவு பிறகு எழவில்லை. கதவைப் பார்த்துக்கொண்ட முனியாண்டி அண்ணன், "சாமி மேல கால வச்சு நான் இழுக்க மாட்டேன்" என்று கதவை இழுக்கும் கொக்கியைக் கீழே போட்டுவிட்டுப் போனார். வேறு யாருக்கும் துணிச்சலில்லை.

கடல்நீர் வராத ஓடையில், வளர்ந்துவந்த ஊரின் சாக்கடையும் பட்டறை எண்ணெயும் தேங்கின. பழி முழுவதும் எங்களுடையது என்று சொல்ல மாட்டேன், முதல் அடைப்பு எங்களுடையது. நாற்றம் தாங்காமல் சாத்திய பின்கட்டுச் சன்னலை அம்மா அதற்கப்புறம் திறக்கவேயில்லை.

ஈப்போ நகரத்துச் சிலிபினில் குடியிருக்கும் நான் போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். சாக்கடையைத் திருப்பிவிட்டாயிற்று, கதவைத் திறந்தால் கடல்நீர் மறுபடி வரும் என்றார்கள் ஊரில். சேற்றைத் தோண்டிய நம் பையன்கள், முதல் படம் தெரிந்ததும் முனியாண்டி அண்ணனைப் போலவே பின்வாங்கினார்கள். எனக்கு வெட்கமாயிருந்தது. எழுபதைத் தாண்டிய அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

"அவளே நாத்தத்துல கெடக்குறா, நீங்க பாவம் பாக்குறீங்களா? புடிங்கடா!"

பையன்கள் குதித்தார்கள். ஒவ்வொன்றாக வந்தவற்றில் ஒரு நீலச் சட்டமும் இருந்தது. உள்ளே வெறும் வெள்ளைத் தாள். அம்மா அதை முந்தானையால் துடைத்து, "தப்புப் பண்ணிட்டோம் தாயி" என்றார்.

கதவு எழுந்தது. ஏறி வந்த நீர் அம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இன்று லயமில்லை, முனியாண்டி அண்ணனில்லை, இறாலும் இன்னும் வரவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"இரு, வத்தட்டும்லா."

சாயங்காலம் ஒரு செருப்பு திரும்பி வந்தது.