தில்லைநாயகி வாய் திறக்காத பத்து மாதம்

புலம்பெயர்ந்து வந்த ஜெர்மன் மொழி நாட்டில், கூர் நகரிலிருந்து மலைக்கு ஏறும் முதல் மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் பதினெட்டு வருடமாகப் போய்வந்தவள் தில்லைநாயகி. அந்த பஸ் கடைசியாக நிற்கும் ஊரில் ஒரு தனியார் சிகிச்சை இல்லம் இருந்தது. குடியை விட முடியாதவர்கள், நித்திரை வராதவர்கள், கொஞ்சக் காலம் ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டியவர்கள் அங்கே வந்து தங்குவார்கள். அதன் இரண்டாம் மாடி முழுக்க அவள் பொறுப்பு. கட்டில் விரிப்பது, குளியலறை கழுவுவது, குப்பை எடுப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பெயரைச் சுருக்கி 'நாயா' என்று கூப்பிட்டார்கள். தமிழில் அது எப்படிக் கேட்கும் என்று விளக்கிச் சொல்லி, 'தில்லை' என்று மாற்றிக்கொண்டாள். இப்போது வயது ஐம்பத்தெட்டு. படியேறும்போது ஒவ்வொரு படியையும் உணர்கிற வயது.

ஒரு மாசி மாதம் இரண்டாம் மாடியில் இருந்த எல்லோரையும் வேறு மாடிக்கு மாற்றினார்கள். வடக்கே இன்னும் முடியாட்சி நடக்கிற ஒரு சின்ன நாட்டிலிருந்து, அரசியின் இளைய மகன் வந்து இறங்கினான். அவனுக்கு முன்னமே அரண்மனைச் செயலாளர் வந்துவிட்டார். நெடிய மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். வேலையாட்களை வரிசையாக இருத்தி, இங்கே காண்பதையோ கேட்பதையோ வெளியே சொல்வதில்லை என்று ஆறு பக்கக் கடதாசியில் கையெழுத்து வாங்கினார். வேலை தொடங்க முன் கைத்தொலைபேசிகளை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

இளவரசன் ஏன் வந்தான் என்பது பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவனுடைய கார், சைக்கிளில் போன ஒரு பள்ளிக்கூட ஆசிரியையை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆசிரியைக்கு இடுப்பெலும்பு முறிந்தது. காரை ஓட்டியவர் சாரதி, இளவரசர் பின் இருக்கையில் நித்திரையாக இருந்தார் என்றது அரண்மனையின் முதல் அறிக்கை. இளவரசர் அதிர்ச்சியில் இருக்கிறார், வெளிநாட்டில் ஓய்வெடுக்கிறார் என்றது இரண்டாவது. சாரதி பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்றது மூன்றாவது. ஒவ்வொன்றும் மூன்று வரிதான்.

முப்பது வயதுகூட ஆகாத அந்தப் பொடியன் முதல் இரண்டு கிழமை தில்லைநாயகியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் காலை குளியலறை கழுவப் போனபோது, உடுப்போடு தரையில் இருந்தான். எழுந்து போவான் என்று பார்த்தாள். அசையவில்லை. முதுகு வலித்ததால் அவளும் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டாள்.

"நான்தான் ஓட்டினேன்," என்றான் ஜெர்மனில். பிறகு ஆங்கிலத்திலும் அதையே சொன்னான், விளங்காமல் போய்விடுமோ என்று பயந்தவன் போல.

தில்லைநாயகிக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை மருத்துவர்கள் இருக்கிற இடத்தில் கழுவ வந்தவளிடம் ஏன் சொல்ல வேண்டும்? தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள்: "இதை என்னிடம் சொல்லாதே. அந்த ஆசிரியையிடம் போய்ச் சொல்." பிறகு எழுந்து கண்ணாடியைத் துடைத்தாள். அவன் தரையிலேயே இருந்தான்.

பங்குனியில் அரசி வந்தார். நாற்பது நிமிடம் நின்றார். அன்று காலை செயலாளர் தில்லைநாயகியைக் கூப்பிட்டு, பால்கனியில் கிடந்த போத்தல்களையும் சாம்பல் கிண்ணத்தையும் எடுக்கச் சொன்னார். இரண்டு கதிரைகளையும் நெருக்கிப் போடச் சொன்னார். ஒரு சாம்பல் நிறக் கம்பளியும் கேட்டார். பிறகு வேலையாட்கள் எல்லோரையும் நிலவறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. பால்கனியில் கம்பளி போர்த்தி, தலை குனிந்து இருக்கிற மகன். அவன் தோளில் தாயின் கை. அதைப் பற்றி எழுதினவர்களுக்கெல்லாம் மனம் இளகிவிட்டது. திட்டித் தீர்த்தவர்களே 'பாவம், தாயல்லவா' என்றார்கள். அரண்மனையோ தங்கள் அந்தரங்கத்தை யாரோ விற்றுவிட்டதாகக் கொதித்தது. இல்லம் விசாரிக்க வேண்டும் என்றது. விசாரணை என்றால் ஒரு ஆள் வேண்டுமே.

நிர்வாகி திருமதி கவியெத்செல் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அன்றைக்கு மாடிச் சாவி உன்னிடம்தான் இருந்தது, தில்லை."

"சாவி என்னிடம் இருந்தது. தொலைபேசி உங்கள் பெட்டியில் இருந்தது."

"வேறொன்று வைத்திருந்திருக்கலாம் என்கிறார்கள்."

தில்லைநாயகி மேசையில் கிடந்த பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பினாள். "இது அறைக்குள் இருந்து எடுத்த படம். அறைக்குள் யார் நின்றார்கள்? இந்தக் கதிரைகள் ஏன் இவ்வளவு கிட்டக் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். செயலாளர் சொல்லி, நான்தான் இழுத்துப் போட்டேன்."

நிர்வாகி பத்திரிகையை மடித்து வைத்தார். "எனக்கும் அது விளங்குகிறது," என்றார். "அரண்மனைக்காரர்களிடம் அதை யார் சொல்வது?"

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார்கள்.

வீட்டில் கணவர் பாலேந்திரன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கோயில் நிர்வாக சபையில் இருப்பவர்.

"நிப்பாட்டிப் போட்டாங்கள் எண்டு சொன்னால் சனம் களவெண்டுதான் கதைக்கும். முழங்காலில ஒப்பரேசன் எண்டு சொல்லுவம்."

"நான் ஒண்டும் செய்யேல்லையே. பிறகேன் ஒளிக்கவேணும்?"

"எனக்குத் தெரியுமப்பா. சனத்துக்குத் தெரியுமோ? கொஞ்ச நாளைக்கு நீர் வெளியில திரியாதையும்."

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் முழங்கால் கதையைச் சொல்லிவிட்டு வந்தார். கீழ்வீட்டு சஜீதா முடக்கொத்தான் ரசம் வைத்து பிளாஸ்க்கில் கொண்டுவந்தாள். தில்லைநாயகி காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு அதைக் குடித்தாள். 'ஓய்வெடுக்கிறார்' என்ற மூன்று வரி அறிக்கையை நினைத்தாள். அரண்மனைக்குச் செயலாளர் இருக்கிறார், எங்களுக்கு பாலேந்திரன் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பட்டது. சிரிப்பு வரவில்லை.

அந்தக் கிழமைகளில் ஒரு பத்திரிகைக்காரி தொலைபேசி எடுத்தாள். உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது, நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள் என்று தன்மையாகக் கேட்டாள். ஒரேயொரு வசனம் போதும், அரண்மனை ஆடிப்போகும். தில்லைநாயகி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று வைத்துவிட்டாள். கையெழுத்துக்குப் பயந்தது ஒரு பங்கு. படத்தை விற்றாள் என்று பழி சுமத்தியவர்களுக்கு, விற்கிறவள் தான் இல்லை என்று தனக்குள்ளாவது காட்ட நினைத்தது இன்னொரு பங்கு. ஆனால் அன்று முழுக்க அந்தச் சாரதியின் நினைப்பு வந்துகொண்டே இருந்தது. அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். அவன் மனுசியும் அக்கம்பக்கத்துக்கு ஏதோ ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்பாள். தான் வாய் மூடியிருப்பது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தீர்மானிக்க முடியவில்லை. நினைத்து நினைத்துக் களைத்தாள்.

நாலாம் கிழமை சஜீதா மறுபடி பிளாஸ்க்கோடு வந்தபோது, நொண்டிக்கொண்டு போய்க் கதவு திறக்க அவளுக்கு அலுத்துவிட்டது. நேராக நடந்து போய்த் திறந்தாள்.

"எனக்கு முழங்காலில ஒண்டுமில்லை, சஜீதா. வேலையில என்னைச் சந்தேகப்பட்டு நிப்பாட்டி வைச்சிருக்கினம்."

"தெரியும் அக்கா," என்றாள் சஜீதா. "இஞ்ச எல்லாருக்கும் தெரியும். நீங்கள் சொல்லுமட்டும் கேக்கக்கூடாதெண்டு இருந்தனாங்கள். ரசத்தைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

சித்திரையில் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. எதுவும் நிரூபிக்கப்படவில்லை, திரும்ப வரலாம், ஆனால் இனி நிலவறையில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. இளவரசன் அதற்குள் போய்விட்டிருந்தான். "நிரூபிக்கவில்லையா, நான் செய்யவில்லையா, எது?" என்று நிர்வாகியிடம் கேட்டாள். "அது வழக்கறிஞர்கள் எழுதிய வசனம், தில்லை," என்றார் அவர். முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வயதில் புது வேலை தேட முடியாது. நிலவறைக்கு இறங்கினாள். இனி மாடிப்படி ஏறத் தேவையில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுக்கு விடுமுறை நாள். கோப்பியோடு பத்திரிகையைப் பிரித்தவள் அப்படியே நின்றாள். இளவரசன் ஒருவருக்கும் சொல்லாமல், வழக்கறிஞரும் இல்லாமல், நீதிமன்றத்துக்குத் தானே நடந்து போய், காரை ஓட்டியது தான் என்று சொல்லியிருந்தான். அரண்மனையின் நாலாவது அறிக்கையும் மூன்று வரிதான். அவனுடைய பட்டங்கள் எடுக்கப்பட்டன. குடும்பம் அவனது முடிவை மதிக்கிறது. கீழே சின்னதாகச் சாரதியின் படம். வீட்டு வாசலில் மனுசியோடு நின்றான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தன் சொல் கேட்டுத்தான் இளவரசன் நீதிமன்றத்துக்குப் போனான் என்று தில்லைநாயகி ஒரு கணமும் நினைக்கவில்லை. அவனுக்கும் அலுத்திருக்கும் என்றுதான் நினைத்தாள்.

பத்திரிகையைக் கணவரிடம் நீட்டி, குளியலறையில் நடந்ததை முதல் தடவையாகச் சொன்னாள்.

பாலேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். "பத்து மாதமாத் தெரிஞ்சிருந்தும் எனக்குக்கூடச் சொல்லேல்லையோ?"

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஒருத்தருக்கும் சொல்லாதையும் எண்டிருப்பன்."

"ஓம்," என்றாள் தில்லைநாயகி. கோப்பியைக் குடித்து முடித்தாள். உள்ளே போய்ப் படுத்தவள் பின்னேரம் நாலு மணி வரைக்கும் எழும்பவேயில்லை.