உருளையின் அடித்தட்டு

பகலில் பம்பு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மாலை ஆறேகாலுக்குப் பகுதிநேர பி.இ. வகுப்பு. நோட்டில் நாளும் நேரமும் போடாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. சார் தும்மினால்கூட அதற்கு நேரம் குறித்திருப்பேன் என்று வகுப்பில் கேலி செய்வார்கள். ஆனால் கணக்கில் சந்தேகம் வந்தால் என் பெஞ்சுக்குத்தான் வருவார்கள்.

இரண்டாம் செமஸ்டரில் ஒரு பெண் எங்கள் பிரிவுக்கு மாறி வந்தாள். அவிநாசிப் பக்கம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பஸ் தாமதமாகி வாரத்தில் ஒரு நாளாவது வகுப்பை விட்டுவிடுவாள். ஆனாலும் ஒரே மாதத்தில் சந்தேகங்கள் அவள் பெஞ்சுக்குப் போக ஆரம்பித்தன. யார் யார் போனார்கள் என்று நோட்டின் ஓரத்தில் புள்ளி வைத்தேன். என் பக்கத்து பெஞ்சுக்காரருக்கு மட்டும் ஐந்து புள்ளி.

தேர்வுக்கு முந்தைய மூன்று சனிக்கிழமைகளும் சாருக்குப் பேப்பர் திருத்தும் வேலை இருந்தது. "உங்கள்ல ஒருத்தர்தான் ரிவிஷன் எடுக்கணும். யாருன்னு வியாழக்கிழமை சொல்றேன்" என்றார். ரிவிஷன் எடுக்கும் சாக்பீஸ் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள்.

"ஏனுங்ணா, நேத்து பஸ்ஸை உட்டுட்டனுங்க. நோட்டு குடுக்கறீங்களா?"

திங்கட்கிழமை நடந்தது பரப்புத் தொகையீடு. ஒரு பரப்பின் வழியாக மொத்தம் எவ்வளவு பாய்கிறது என்று கூட்டுவது. அதற்குப் பரப்பின் எந்தப் பக்கத்தை நேர்க்குறியாக எடுப்பது என்பதுதான் அன்றைய பாடமே. அதை மட்டும் தனித்தாளில் எழுதியிருந்தேன்.

"அதைத் தனித்தாள்ல எழுதுனேன், தாளு ஊட்ல இருக்குது அம்மணி" என்றேன். தாள் பையில் இருந்தது.

"பரவால்லீங்ணா, நானே பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை சார் என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டார். புத்தகக் கணக்குகளில் உருளை தரையில் நிற்கும். அடித்தட்டின் விடை பெரும்பாலும் பூஜ்யமாகிவிடும். குறி தவறினாலும் தப்பித்துவிடலாம். சார் உருளையை ஒன்றாம் உயரத்துக்குத் தூக்கி, மூன்றில் முடித்தார். ஆரம் ஒன்று. பாய்ச்சல் நேர் மேலே. உயரம் எவ்வளவோ வேகமும் அவ்வளவு.

உருளையின் வளைபரப்பு வழியாகப் பாய்வது ஒன்றுமில்லை. மேல்தட்டில் மூன்று பை (π). அடித்தட்டில் ஒரு பை. பம்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் தண்ணீர் உள்ளே வருவதையும் வெளியே போவதையும், அது ஓடும் திசையிலேயே நேர்க்குறியாக அளந்து பழகிய கை என்னுடையது. இரண்டு தட்டிலும் நேர்ப்பக்கத்தைக் காட்டும் அம்பை மேல்நோக்கிப் போட்டுக் கூட்டினேன். நான்கு பை.

"இப்ப கனஅளவை வெச்சுப் போடுங்க" என்றார் சார். டைவர்ஜென்ஸ், அதாவது ஓரிடத்தில் பாய்ச்சல் பெருகும் அளவு, ஒன்று; கனஅளவு இரண்டு பை; பெருக்கினால் இரண்டு பை. இரண்டு வழியிலும் ஒரே விடை வரவேண்டும்; வரவில்லை. பரப்பளவை இரண்டு முறை சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

பின்னாலிருந்து அவள் குரல். "அண்ணா, அடித்தட்டு அம்பைத் திருப்பிப் போடுங்க."

"தண்ணி மேலதான போகுது அம்மணி?"

"தண்ணி எங்க வேணா போகட்டுங்க. வெளிப்பக்கம் மாறுமுங்களா?" சாப்பாட்டுப் பையைத் தூக்கி அதன் அடியைத் தட்டினாள். "மூடின பையிங்க இது. மேல வெளிய போகணும்னா மேல. அடியில வெளிய போகணும்னா கீழதானுங்க. பனியன்ல உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எதுன்னு பாத்துத்தானுங்க நாங்க செக்கிங்கே பண்றோம்."

"பம்புக்காரருக்குத் தண்ணி கீழ போனா மனசு தாங்காதுங்க!" என்றார் என் பக்கத்து பெஞ்சுக்காரர். வகுப்பே சிரித்தது. அடித்தட்டுக்குக் கழித்தல் குறி போட்டேன். மூன்று பையில் ஒரு பை போக இரண்டு பை. சார் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி அவளிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்தேன். திங்கள், மாலை 6.40. 'மூடிய பரப்பு: அம்பு எப்போதும் வெளிநோக்கி. அடித்தட்டில் கீழே.' என் கையெழுத்து, இரண்டு அடிக்கோடு. எழுதிய பிறகு நான் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் போர்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்தத் தாளு கொண்டாந்தீங்களாண்ணா?"

"மறந்துபோட்டேன் அம்மணி" என்றேன். தாள் இருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நோட்டில் நாளும் நேரமும் குறித்தேன்.