க்ரைன் திருப்பிக் காட்டாத காசு

பன்னிரண்டு வருஷமாக லேன்டெர்ட்டின் நெஞ்சில் ஒரு முள் கிடந்தது. பிடுங்கிப் போட அவன் முயன்றதே இல்லை. அப்பப்போ தடவிப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்துகொள்வான், அவ்வளவுதான்.

முள்ளைத் தைத்தவர் க்ரைன் விஸ்ஸெ. கூஸ் ஊரில் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் நாற்பது வருஷம் இருந்தவர். இடது கைக்காரர். பாலத்துச் சக்கரத்தை அவர் சுற்றுவதைப் பார்த்தால், படகுக்காரர்களுக்கே ஏதோ தப்பு நடக்கிற மாதிரி இருக்கும். ஓய்வு நேரமெல்லாம் பழைய காசுதான்.

அந்த ஊர்க் காசுச் சங்கம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மதியம் ஒரு காப்பிக் கடையின் பின்னறையில் கூடும். விற்க நினைப்பவர் தன் காசைத் தட்டில் வைப்பார். ஏலம் ஆரம்பிக்கும் முன் தட்டு மேசையைச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொருவரும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளுவார். சுற்றி முடியாமல் யாரும் விலை கேட்கக் கூடாது. அந்தச் சங்கத்தில் எழுதி வைக்காத சட்டம் அது.

பன்னிரண்டு வருஷம் முன்னால் அந்தத் தட்டில் லேன்டெர்ட்டின் அப்பா மாரினுஸ் டால்டர் என்கிற பழைய பெரிய வெள்ளிக்காசு ஒன்றை வைத்தார். லேன்டெர்ட் பிறந்த வாரம் மிடல்பர்க் சந்தையில் வாங்கிய காசு. ஒரு பக்கம் வாளோடு நிற்கும் வீரன், மறுபக்கம் கிரீடத்தின் கீழ் கேடயத்தில் சிங்கம். வீட்டுக் கூரை ஒழுகியது. அதனால்தான் விற்க வந்தார். தட்டு க்ரைனிடம் வந்தது. அவர் காசைத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இது ஒரு காலத்துல எவனோ ஒரு விவசாயியோட கால்சட்டைப் பொத்தான். பின்னாடி பத்தவச்ச கொக்கியை எடுத்துட்டு, தடம் தெரியாம சுரண்டி, சிங்கத்தோட பிடரியைத் திரும்பக் கீறியிருக்காங்க. வாங்கறவங்க ஜாக்கிரதை."

அந்தப் பக்கத்து விவசாயிகள் இடுப்பில் இரண்டு பெரிய வெள்ளிக்காசைப் பொத்தானாக மாட்டியவர்கள். அது எல்லாருக்கும் தெரியும். பொத்தானாக இருந்த காசை எந்தச் சேகரிப்பாளரும் சீண்ட மாட்டார் என்பதும் தெரியும். மாரினுஸ் தொழில் குழாய் வேலை என்பதும், பற்றவைக்கிற பொடியும் ஊதுகுழலும் அவர் பட்டறையில் கிடக்கும் என்பதும் இன்னும் நன்றாகத் தெரியும். இருபத்து மூன்று பேரும் காசை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தார்கள்.

"நான் இதைத் தொட்டதே இல்லைங்க," என்றார் மாரினுஸ். ஒருத்தர் மட்டும் சிரித்தார். அன்றிலிருந்து சங்கத்தில் அவர் பெயர் 'கால்சட்டை'. அவர் மறுபடி அங்கே போகவே இல்லை. மூன்று வருஷத்தில் செத்தும் போனார். பெயர் மட்டும் மகனுக்கு இறங்கியது.

லேன்டெர்ட் போவதை நிறுத்தவில்லை. முறைத்துக்கொண்டே போனான். க்ரைனை ஒரு நாள் ஒரு விஷயத்திலாவது பிடிக்கவேண்டும், அப்பா மேல் விழுந்த கறையை அவர் மேல் அப்பவேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் அந்த மனுஷரைப் பிடிப்பது லேசா? மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, செவுளுக்கும் சாயம் பூசுவார்களா என்று கடைக்காரியையே கேட்பவர். பழைய சைக்கிள் வாங்கப் போய் அதைத் தலைகீழாக நிறுத்தி அரை மணி நேரம் பார்ப்பவர். முகத்தை எல்லாரும் துடைத்து வைப்பார்கள், முதுகைப் பார் என்பதுதான் அவர் பேச்சு. டாக்டர் வயிற்றுப்புண் என்றபோதும் நம்பாமல் ராட்டர்டாம் போய் இன்னொரு டாக்டரைப் பார்த்தார். அங்கே சொன்ன நோய் வேறு. அந்தச் சந்தேகத்தால்தான் இந்த இரண்டு வருஷமாக உயிரோடு இருக்கிறார் என்று ஊரே சொல்லும்.

வருஷம் போகப் போக லேன்டெர்ட்டுக்கும் அது தொற்றிக்கொண்டது. அப்பாவின் குழாய் வேலைதான் அவனுக்கும். பெட்டியைப் பிரித்துத் திருகு மரையை விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு குழாய் வாங்க மாட்டான். "அந்தக் கிழவனைத் திட்டித் திட்டி நீயும் அவரை மாதிரியே ஆயிட்ட," என்பாள் அவன் மனைவி.

தொற்றிய அந்தக் கண்ணுக்குத்தான் ஒன்று உறுத்தியது. க்ரைனிடமும் ஒரு டால்டர் இருந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, சங்கத்தின் ஆண்டு விழா அன்று மட்டும் கொண்டுவருவார். வீரன் நிற்கும் பக்கத்தைக் காட்டுவார். யாராவது கை நீட்டினால் டப்பா சட்டைப்பைக்குள் போய்விடும். ஊரார் காசையெல்லாம் புரட்டுகிறவர் தன் காசை ஏன் புரட்டவில்லை?

அக்டோபரில் க்ரைனிடமிருந்து போன் வந்தது. "வீட்டுக்கு வா. லென்ஸ் எடுத்துட்டு வா. உங்கப்பாவோட காசையும் கொண்டு வா."

கடைசி நேரத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்கப் போகிறார் என்று நினைத்தான் லேன்டெர்ட். ஆனாலும் போனான்.

க்ரைனின் மனைவி நேல் கதவைத் திறந்தாள். "வாப்பா. செருப்பைத் துடைச்சுட்டு வா. அவர் ஜன்னல்கிட்ட இருக்கார்." காப்பி வந்தது, கூட ஒரு பிஸ்கட். பிஸ்கட் டின்னை உடனே மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நாற்காலியில் க்ரைன் பாதியாகியிருந்தார். "வாய்யா கால்சட்டை."

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடத்தான் வரச்சொன்னீங்களா?"

"உக்காரு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சொல்லிக்கறேன்." டப்பாவை மேசை மேல் தள்ளினார். "திற."

"நீங்களே திறங்க. அப்புறம் நான் கீறிட்டேன்னு சொல்லுவீங்க."

க்ரைன் சிரித்தார், இருமினார். "நல்லாத் தேறிட்ட." இடது கையால் டப்பாவை நெம்பித் திறந்து காசைக் கவிழ்த்து வைத்தார்.

லேன்டெர்ட் லென்ஸை எடுத்தான். விளிம்பின் ஓரமாக மங்கலாய் இரண்டு இடம், ஒன்றுக்கொன்று எதிரே. வழவழப்பு அங்கே மட்டும் அதிகம். மனசு துள்ளியது. "இதுவும் பொத்தான்! பன்னெண்டு வருஷமா எங்கப்பாவைப் பார்த்துச் சிரிச்சீங்களே, உங்க காசே கால்சட்டைப் பொத்தான்தான்!"

"அதுக்குள்ள குதிக்காத. பிடரியைப் பாரு. அப்புறம் உன்னோடதைப் பக்கத்துல வை."

லேன்டெர்ட் அப்பாவின் காசைக் கைக்குட்டையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் கவிழ்த்தான். ஒரு சிங்கத்தைப் பார்த்தான், இன்னொரு சிங்கத்தைப் பார்த்தான். இரண்டிலும் பிடரி மயிரை யாரோ புதிதாகக் கீறியிருந்தார்கள். கோடுகள் சாய்ந்த பக்கம்தான் தப்பாக இருந்தது. ஆழமாக ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் மெலிந்து, மெலிய வேண்டிய இடத்தில் ஆழமாகி. வலது கையால் அப்படிக் கீற முடிகிறதா என்று காற்றில் ஒரு முறை கீறிப் பார்த்தான். முடியவில்லை. அப்புறம் லென்ஸை வலது கைக்கு மாற்றி, உளி பிடிக்கிற மாதிரி இடது கை விரலை வளைத்துக் கீறினான். கோடு அதே பக்கம் சாய்ந்தது.

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தான்.

"நீங்க."

"எங்க தாத்தாவோட இடுப்புல இருந்த ஜோடி," என்றார் க்ரைன். "எனக்கு இருபத்திரண்டு வயசு. நேலைக் கட்டணும், கையில ஒண்ணும் இல்ல. பாலத்துக் கொட்டகையில உக்காந்து கொக்கியைப் பிடுங்கி, சுரண்டி, கீறினேன். ஒண்ணை மிடல்பர்க்ல ஒரு கடைக்காரன் தலையில கட்டிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், என் சட்டையைப் பார்த்தான், காசோட முதுகைப் பார்க்கல. அவ்வளவு சுலபமா இருந்ததுய்யா. அதுக்கப்புறம் எதை வாங்கினாலும், விக்கறவன் என்னை மாதிரி ஒருத்தன்னுதான் தோணும்."

"அன்னைக்கு தட்டுல பார்த்தப்பவே தெரிஞ்சுதா?"

"திருப்பின உடனே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எங்கப்பா கையை எல்லாரும் பார்க்க விட்டீங்க." லேன்டெர்ட் லென்ஸை மேசை மேல் வைத்தான். "சாகற வரைக்கும் அவர் கேட்டுட்டே இருந்தார், யாருடா சுரண்டியிருப்பான்னு."

"வாங்கறவன் ஏமாறக் கூடாதுன்னு பாதியைச் சொன்னேன். மீதியை முழுங்கிட்டேன். ரெண்டாவதை விக்கவும் மனசு வரல, தூக்கிப் போடவும் வரல."

அடுக்களை வாசலில் நேல் டின்னை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவளுக்கும் இது புதுச் செய்தி என்று முகம் சொன்னது. "ஐம்பது வருஷமா நான் வாங்கற முட்டையை ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தியே மனுஷா," என்றாள்.

லேன்டெர்ட் எழுந்தான். "சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"அதெல்லாம் வேண்டாம்." க்ரைன் இரண்டு காசையும் அவன் பக்கம் நகர்த்தினார். "நீயாச் சொன்னா, பன்னெண்டு வருஷக் கடுப்புல கதை கட்டறான்னுவாங்க. என் கையெழுத்தைக் காட்டினா, சாகப்போற கிழவனை மிரட்டி வாங்கிட்டான்னுவாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன். எனக்காக ஒண்ணு பண்ணு. வாயைத் திறக்காம ரெண்டையும் ஒரே தட்டுல வை, முதுகு மேல இருக்கட்டும். சுத்தி விடு. கடைசி ஆள் வரைக்கும் லென்ஸ் வச்சுப் பார்க்கட்டும். பார்த்து முடிச்ச பிறகு ஒரே ஒரு கேள்வி கேளு, இந்தச் சங்கத்துல இடது கைக்காரன் யாருன்னு."