மார்பில் விட்டுவைத்த இடம்

மற்ற தொழில்களில் செய்த தப்பு கடையிலேயே கிடக்கும். பச்சை குத்தும் தொழிலில் அது சட்டையை மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும்.

அடுத்தவர் உடம்பைத் தொட்டுப் பிழைக்கிற எல்லோருக்கும் இது புரியும். பல் பிடுங்குகிறவர், முடி வெட்டுகிறவர், கல்யாண வீட்டில் மருதாணி வைக்கிறவர், நீங்கள் எல்லோரும் என் கட்சி. “கொஞ்சம் ஆடாம இருங்க” என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லித் தொண்டை வறண்டதுதான் நமக்கு மிச்சம். உங்களிடம் சொன்னால்தான் இதெல்லாம் எடுபடும்.

நான் செங்கல்பட்டில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தவன். தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கையில் படம் குத்திக்கொள்ள ஆசைப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு சிற்பப் பட்டறையை ஒட்டிய அறையைப் பிடித்தேன். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வருவேன். பொழுது சாய்ந்தால் அதே வழியில் திரும்புவேன். நாள் முழுக்கப் பக்கத்தில் உளிச் சத்தம். சாத்திய ஜன்னல் கண்ணாடியில் கல் தூசி படிந்து, வெயில் பாலாக உள்ளே வரும். அந்த வெளிச்சத்தில் நடந்ததாலோ என்னவோ, அந்த நாட்கள் எல்லாமே பாதித் தூக்கத்தில் பார்த்தது போலத்தான் ஞாபகம் இருக்கின்றன.

அழுத்தினால் திறக்காது

ஒரு மார்கழிக் காலையில் இரண்டு அமெரிக்கக் கிழவர்கள் கடைக்குள் வந்தார்கள். உயரமாக, ஒல்லியாக இருந்தவர் ஆர்தர். குட்டையாக, தொப்பையோடு இருந்தவர் ஃப்ராங்க். இருவர் கையிலும் மணிக்கட்டு வரைக்கும் படங்கள். பழசாகி நீலம் பூத்துப்போன நங்கூரம், ரோஜா, பாம்பு. அங்கே ஒரு துறைமுக ஊரில் எதிரெதிரே கடை வைத்து, கப்பலிலிருந்து இறங்கி வரும் மாலுமிகளுக்கு முப்பது வருஷம் பச்சை குத்தியவர்களாம். பகலில் ஒருவர் வாடிக்கையை ஒருவர் இழுப்பது, சாயங்காலம் ஒரே மேஜையில் சாப்பிடுவது. கடைகளை மூடிய பிறகு ஆர்தர் வடக்கே மகள் வீட்டுக்கும், ஃப்ராங்க் தெற்கே தங்கை ஊருக்கும் போய்விட்டார்கள். சேர்ந்து இருப்பது வருஷத்தில் இரண்டே மாதம்தான். அதுவும் நம் மாமல்லபுரத்தில். அவர்கள் பேசியது ஆங்கிலம். என் வாய்க்குள் புகுந்து வரும்போது செங்கல்பட்டுத் தமிழாகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மிஷினை நான் துண்டுக்கு அடியில் ஒளித்தேன். டேப் ரிக்கார்டர் மோட்டார், பால்பேனா குழாய், கிடார் கம்பி, இவ்வளவுதான் அது. ஆர்தர் அதைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. புதுக் கம்பி மாட்டச் சொல்லி, தன் முழங்காலில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்து, “வேலை செய்யுதே” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் ஃப்ராங்க் தன் பையிலிருந்து பித்தளை மிஷின் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கம்பிச் சுருள், ஒரு ஸ்ப்ரிங். “இது காலிங் பெல் ஆச்சே!” என்று கத்திவிட்டேன். ஃப்ராங்க் தலையை ஆட்டினார்.

“அதே தான். இன்னா ஒண்ணு, இத்த அழுத்துனா கதவு தெறக்காது, ஆளு கத்துவான்.”

இடது மார்பு

காலை பத்து மணிக்குள் ஃப்ராங்க் சட்டையைக் கழற்றிவிடுவார். வயிறு, முதுகு, தோள் எங்கும் விரல் வைக்க இடமில்லாமல் படம். இடது மார்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டாம்: உடம்பில் இருப்பதிலேயே நல்ல இடத்தை நெருங்கிய சிநேகிதன் கைக்கு என்று விட்டுவைப்பார்கள். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ஆர்தர் கப்பல் வரைவதில் பேர் வாங்கியவர். வாலிப வயதில், மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று அங்கே போட்டுத் தருவதாகச் சொன்னார். பிறகு ஒவ்வொரு வருஷமும் “அடுத்த வருஷம்” என்றார். முப்பது வருஷம் தாண்டியும் அதே பதில்தான். ஃப்ராங்க் வற்புறுத்தியதில்லை. பேச்சு அந்தப் பக்கம் வந்தால் அந்த இடத்தை மெல்லத் தடவிக்கொள்வார்.

மீன்பிடிப் படகு வைத்திருக்கும் கன்னியப்பன், முன்கையில் படகின் பேரைக் குத்திக்கொள்ள வந்தவர், ஊசி ஓடுகிற நேரம் முழுக்க ஃப்ராங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் என்னிடம் கேட்டார்.

“இன்னா அண்ணாத்த, அங்க வரும்போது மட்டும் பெயின்ட் தீந்துபூச்சா?”

கழுகு பார்த்த திசை

முகம் உள்ள எந்தப் படமும் முன்பக்கம் பார்க்க வேண்டும் என்பது கிழவர்களின் சட்டம். ஆள் நடந்தால் படமும் கூடவே நடக்க வேண்டுமாம், பின்னால் திரும்பி நிற்கக்கூடாதாம். இந்தச் சட்டம் எனக்கு அத்துப்படி. அத்துப்படியாக இருந்தும், திருக்கழுக்குன்றத்து லாரி டிரைவர் ஏழுமலைக்கு மலைக்கோயில் கழுகை வலது புஜத்தில் போடும்போது தோலில் படம் பதிக்கும் ஸ்டென்சில் தாளைத் திருப்பி ஒட்டிவிட்டேன். கழுகு முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மூக்கும் கண்ணும் முடிந்த பிறகுதான் பெஞ்சில் கண்ணயர்ந்திருந்த கிழவர்கள் விழித்தார்கள்.

ஃப்ராங்க் தலையில் அடித்துக்கொண்டார். எதிரே இன்னொரு கழுகு போட்டு இரண்டையும் பேசவிடலாம் என்றார் ஆர்தர். அதெல்லாம் வேண்டாம், கழுகையே மேகமாக்கிவிடலாம் என்றார் ஃப்ராங்க். மத்தியானம் வரைக்கும் சண்டை. ஏழுமலைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தன் கையைக் காட்டிக் காட்டித் திட்டிக்கொள்வது தெரியும். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லி, அடி வாங்கத் தயாராக நின்றேன். அவர் கையை மடக்கி, கண்ணாடியில் நிதானமாகப் பார்த்தார்.

“வுடு சேகரு. நான் முன்னாடி பாக்கறேன், அது பின்னாடி வர்ற வண்டியப் பாத்துகினு வரட்டும்.”

அரை டீ

அடுத்த இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு கவனித்தேன். எதிரே ராணியக்கா டீக்கடையில் ஃப்ராங்க் தனக்கு முழு டீயும், ஆர்தருக்கு அரை டீயும் சொல்ல ஆரம்பித்திருந்தார். கஞ்சத்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன், என் புத்தி அப்படி. ஒரு நாள் ராணியக்கா மறந்துபோய் முழு டம்ளர் கொடுத்துவிட்டார். டம்ளர் உதட்டுக்குப் போகும் முன்பே பாதி டீ ஆர்தரின் பேன்ட்டில் இருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாலுமியின் கைத்தோலில் தலைமுடி கனத்துக்குக் கயிறு வரைந்த கை அது.

ஃப்ராங்க் கடலைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கப்பல் இனிமேல் வராதோ என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் எழுந்து போன பிறகு ராணியக்கா பெஞ்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்குமே அரை டீ போட்றேன். அப்போ ஒருத்தருக்கும் தெரியாது.”

கழுத்து வரைக்கும் பட்டன்

அதற்கடுத்த வருஷம் வந்து இறங்கியதும் ஃப்ராங்க் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டார்: “இந்த வாட்டி போட்டுடு ஆர்தர்.” இன்னும் ஒரு வருஷம் போனால் அந்தக் கை பென்சில்கூடப் பிடிக்காது என்று மூன்று பேருக்குமே தெரியும். ஆர்தர் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். கப்பலைத் தான் வரைந்து தருவதாகவும், நான் குத்த வேண்டும் என்றும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். நானும் முட்டாள், பெருமையில் சரி என்றுவிட்டேன். மறுநாள் மிஷின் என் கையில் இருப்பதைப் பார்த்ததும் ஃப்ராங்க் எழுந்து, சட்டையை மாட்டி, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கொண்டார். “உன் மேல கோவம் இல்ல சேகர். கோணலா வந்தாலும் அவன் கைதான் வரணும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் வடக்கே படகுகளுக்கு நடுவில், ஒருவர் தெற்கே பாறைகளுக்குப் பக்கத்தில். நடுவில் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் தபால்காரன் வேலை பார்த்தேன். மத்தியான வெயிலில் ஊர் முழுக்க வேர்த்து வழிய, ஃப்ராங்க் அந்தப் பட்டனைக் கழற்றவே இல்லை. அதைச் சொன்னபோது ஆர்தர் தன் கையை மடியில் வைத்து, யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருசம் நல்லா இருந்த கை இது. அப்ப போடல. இப்ப எந்த மூஞ்ச வெச்சிகினு போட்றது?”

ஒரு மூச்சுக்கு ஒரு கோடு

நான்காம் நாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது ஆர்தர் கடை வாசலில் நின்றிருந்தார். காலை நேரத்தில்தான் கை கொஞ்சம் சொன்னபடி கேட்கிறதாம். ஃப்ராங்க் வந்தார். பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். படுத்தார். தோலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் வேலை எனக்கு.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் ஆர்தரின் கை நடுங்கியது. அதற்கு மேல் ஃப்ராங்கின் மார்பு வேறு ஏறி இறங்கியது. இரண்டு ஆட்டம் சேர்ந்தால் கோடு எங்கே நிற்கும்? ஆர்தர் ஊசியை எடுத்துவிட்டார். அப்போது ஃப்ராங்க் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டார். ஆர்தர் மணிக்கட்டை அந்த மார்பிலேயே அழுத்தி ஊன்றி ஒரு கோடு போட்டார். மூச்சு வெளியே வந்தது. மறுபடி மூச்சு, மறுபடி கோடு. கோடு எவ்வளவு நீளம் என்பதை ஃப்ராங்கின் நுரையீரல்தான் முடிவு செய்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. ஜன்னலில் பால் வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது, மிஷின் வண்டு போல முனகியது, அலைச் சத்தம் வந்து வந்து போனது. என் மூச்சையும் நான் அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது தலை சுற்றிய பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலையில் அந்த அறையில் இருந்ததற்காக இன்றைக்கும் நான் சந்தோஷப்படுகிறேன்.

கப்பல் வந்துவிட்டது. அடிப்பகுதி அழகாகவே வந்தது. பாய்கள் கொஞ்சம் நெளிந்திருந்தன. நடுப் பாய்மரம் நன்றாகவே சாய்ந்திருந்தது. ஆர்தர் முகத்தைத் தூக்கவில்லை. ஃப்ராங்க் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். கண் கலங்கியிருந்தது.

“கடைசி எடமும் ரொம்பிப்பூச்சு. இனிமே இன்னாத்துக்கு நீ என்னைப் பாக்க வருவே?”

முப்பது வருஷம் அந்த இடம் ஏன் காலியாகவே கிடந்தது என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆர்தர் மிஷினைத் துணியில் சுற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னார்.

“பாய்மரம் சாஞ்சிகினு கீது. அடுத்த வருசம் வந்து நிமித்தணும்.”

அதற்கப்புறம் நான்கு குளிர்காலம் வந்து போயும் அந்தப் பாய்மரம் நிமிரவே இல்லை. வேலையை ஒழுங்காக முடிக்கிறவன் நல்ல தொழிலாளி, முடிக்காமல் இழுத்தடிக்கிறவன் நல்ல சிநேகிதன் என்று அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை, அவசரமாக வந்து உட்காரும் எந்த வாடிக்கையாளரிடமும் இதுவரை சொன்னதில்லை.