பத்தைக் கழித்தால் வரும் இடம்

வண்டூர் செபஸ்தியான் மகள் கிளாரா போர்ட் பிளேரில் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சிலர் "மேப் போடுது" என்பார்கள். சிலர் "கம்ப்யூட்டர்ல உக்காந்து கடலைப் பாக்குது" என்பார்கள். அம்மா ஆக்சிலியாவிடம் மாதா கோயில் வாசலில் யாராவது கேட்டால், "சர்க்கார் வேலை மாதிரிதான், ஆனா சர்க்கார் வேலை இல்ல" என்று மழுப்பிவிட்டு, மாப்பிள்ளை ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவாள்.

விஷயம் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. அந்த வேலைக்கு ஜி.ஐ.எஸ். என்று பெயர். உலகத்தில் எது நடந்தாலும் எங்கேயோ ஓரிடத்தில்தான் நடக்கிறது. அந்த இடத்தைக் கணினியில் பதிந்து, இன்னொரு சங்கதியை அதன்மேல் வைத்து, அதன்மேல் மற்றொன்றையும் வைத்துப் பார்ப்பது. ஒவ்வோர் அடுக்குக்கும் லேயர் என்று பெயர். ஹட் பே என்ற ஊரில் காய்ச்சல் கண்ட வீடுகள் ஓர் அடுக்கு, மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் ஓர் அடுக்கு. இரண்டையும் சேர்த்து வைத்தபோது கொசு மருந்து எங்கே அடிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கைவிட்ட எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இப்போது என்ன முளைத்திருக்கிறது என்று தாவரவியல்காரர்கள் வந்து கேட்டார்கள். எந்த மலைக்குப் பின்னால் சிக்னல் செத்துப்போகிறது என்று போன் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். பழைய குடியிருப்புக் கிணறுகளைத் தேடிக்கொண்டு மெயின்லேண்டிலிருந்து ஒரு சரித்திரப் பேராசிரியர்கூட வந்தார். வந்தவர்களில் ஒருவரும் கிளாராவிடமிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் தூக்கிப் போடமாட்டாள். பவளப் பாறைகளை ஆராய வந்த கல்லூரி மாணவர்கள், படகில் ஆழமானியைக் கட்டிக்கொண்டு கடலைக் கோடு கோடாக அளந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் படிப்பு முடிந்தது, பட்டமும் வாங்கிவிட்டார்கள். அந்த ஆழக் கணக்கை மட்டும் கிளாரா விடவில்லை.

"உனக்கு ஒரு வீடு அமைஞ்சா, நிக்க இடம் இருக்காதும்மா. பழைய டப்பாவா அடுக்கி வெச்சிருப்ப" என்பார் அலுவலகத்தை நடத்தும் பாலகுமார்.

"டப்பா என்னைக்காவது உதவும் சார்" என்பாள் அவள்.

இனி, செபஸ்தியான் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டூரில் மீனுக்குப் போகிற எல்லோரிடமும் ஜி.பி.எஸ். இருக்கிறது. மீன் அடைந்து கிடக்கும் பாறைத் திட்டுக்கு 'பார்' என்று பெயர். நல்ல பார் ஒன்று கிடைத்துவிட்டால் அது சொத்து. அதன் பாயிண்டை, அதாவது ஜி.பி.எஸ். காட்டும் எண்களை, யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். ஆனால் வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசுவது ஊருக்கே கேட்கும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு கள்ளக்கணக்கு உண்டு. செபஸ்தியான் வீட்டுக் கணக்கில், இருக்கும் இடத்தைச் சொல்லும்போது வடக்கு எண்ணின் நிமிடங்களில் பத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும்; ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். கேட்கிறவன் பத்துக் கடல் மைல் வடக்கே போய் வலை வீசி வெறும் தண்ணீரை அள்ளுவான். பாவம் புண்ணியம் என்று பார்த்தால் இது பொய்தான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற செபஸ்தியான் இதை மட்டும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை.

அன்றைக்கு மதியச் சாப்பாடு முடிந்து கிளாரா கை கழுவி வந்தபோது, கரையிலிருந்து மீட்புப் பணியைப் பார்க்கும் அறையின் அதிகாரி போனில் இருந்தார். ஒரு படகில் என்ஜின் நின்றுவிட்டது, காற்று வலுக்கிறது, இழுத்துக்கொண்டு போனால் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு மேப் வேண்டும் என்றார். இப்படிப்பட்ட மேப் அவள் முன்பும் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"போட் கா நாம் க்யா ஹை, சார்?" என்று படகின் பெயரைக் கேட்டாள்.

"ஆரோக்ய மாதா."

அது அவர்கள் வீட்டுப் படகு. அப்பாவுக்கு முழங்கால் வலி என்று இந்த மாதம் தம்பி டெர்வின்தான் முத்துராஜைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறான்.

டெர்வின் வயர்லெஸ்ஸில் பேசியதை வேறொரு படகு கேட்டுக் கரைக்குச் சொல்லியிருந்தது. என்ஜின் போய்விட்டது, படகில் தண்ணீர் ஏறுகிறது, இருபது பாகம் ஆழத்தில் நங்கூரம் பிடித்து நிற்கிறோம், சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லி, பாயிண்டையும் சொல்லியிருக்கிறான். அதோடு வயர்லெஸ் அணைந்துவிட்டது. மீட்புக் கப்பல் அந்தப் பாயிண்டை நோக்கிக் கிளம்பிவிட்டது.

கிளாரா பாயிண்டைப் போட்டாள். அழக்கூடாது, வேலையைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காற்றையும் நீரோட்டத்தையும் அதன்மேல் அடுக்கினாள். பழக்கத்தில் ஆழத்தையும் அடுக்கினாள். கை அப்படியே நின்றுவிட்டது.

டெர்வின் சொன்ன இடத்தில் கடல் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். இருபது பாகம் என்றால் நாற்பது மீட்டர்கூட இல்லை. அங்கே நங்கூரம் எதைப் பிடிக்கும்?

அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். "எப்பா, தம்பி புதுசா ஏதாவது பார் கண்டுபிடிச்சானா?"

"போன மாசம் ஒண்ணு கெடச்சிருக்குன்னான். எங்கன்னு எங்கிட்டயே சொல்லலட்டி அந்தப் பய." செபஸ்தியானின் குரலில் அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை இருந்தது. "கப்பல் போயிருக்குல்லா? பாயிண்டு சொல்லியிருக்கான்லா?"

"பத்தைக் கூட்டிச் சொல்லிட்டான்னு நெனைக்கேன்."

"கிறுக்கா உனக்கு? உசுரு போற நேரத்துல எவனாவது கூட்டிச் சொல்லுவானா?"

"அவன் சொன்ன எடத்துல ஆயிரம் மீட்டர் ஆழம்ப்பா. நம்ம படகுல கயிறு எத்தன பாகம் இருக்கு?"

மடியில் உட்கார்த்தி வைத்து அந்தப் பொய்யை மகனுக்குப் பழக்கியதே அவர்தான்.

"எழுவது பாகம்" என்றார். "பத்தைக் கழிட்டி. கழிச்சுப் பாரு."

கழித்தாள். பாயிண்ட் பத்துக் கடல் மைல், அதாவது பதினெட்டு கிலோமீட்டர், தெற்கே போய் விழுந்தது. வழக்கமாக வைத்திருக்கும் கடல் மேப்பில் அங்கேயும் ஆழம்தான். திட்டு எதுவும் இல்லை. அப்புறம்தான் பழைய டப்பா ஞாபகம் வந்தது. மாணவர்களின் ஆழக் கணக்கைத் திறந்து மேலே வைத்தாள். அவர்களுடைய கோடுகளில் இரண்டு அந்தப் பாயிண்டின் குறுக்கே போயின. இரண்டிலும் கடலடி மேடாக எழும்பியிருந்தது. முப்பத்தாறு, முப்பத்தெட்டு மீட்டர். பெயரில்லாத ஒரு பார்.

பாலகுமார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கப்பலத் திருப்பச் சொல்லி, அங்க ஆள் இல்லன்னா, இருட்டுறதுக்குள்ள மறுபடி தேட முடியாதும்மா."

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டாள். ஆழத்தைச் சொன்னாள், நங்கூரத்தைச் சொன்னாள், வீட்டுக் கள்ளக்கணக்கையும் வெட்கப்படாமல் உடைத்துச் சொன்னாள்.

"மேடம், பக்கா?" என்றார் அவர்.

"பக்கா, சார். என் தம்பி அங்கதான் இருக்கான்."

கப்பல் திரும்பியது. வெளிச்சம் மங்குவதற்குள் செய்தி வந்தது. படகு பாதி முழுகியிருந்தது. நங்கூரக் கயிறு அறுந்துபோகும் நிலையில் இருந்தது. இரண்டு பேரும் பத்திரம்.

வண்டூர் ஜெட்டியில் வந்து இறங்கிய டெர்வினுக்கு விஷயமே புரியவில்லை. "மெஷினப் பாத்துத்தான சொன்னேன்? சரியாத்தான சொன்னேன்?" என்று அக்காவையே கேட்டான். தொட்டில் பழக்கம் அது. வாய் தானாகக் கூட்டியிருக்கிறது. செபஸ்தியான் மகனை அடிக்கக் கையை ஓங்கி, அந்தக் கையாலேயே இழுத்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓவென்று அழுதார்.

அடுத்த வாரத்திலிருந்து கிளாராவின் வேலை என்னவென்று வண்டூரில் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். சொந்த அண்ணன் தம்பிக்குக்கூடப் பாயிண்ட் சொல்லாத ஆட்கள், அவள் மட்டும் திறக்கிற ஒரு லேயரில் தங்கள் பார்களையும் வீட்டுக் கணக்கையும் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். போகும்போது, "பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டிராத தாயி" என்று மறக்காமல் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் முந்தின நாள் அதையேதான் சொல்லியிருந்தான்.

செபஸ்தியான் வீட்டுக் கணக்கு அதற்குள் ஊருக்கே தெரிந்துபோயிருந்தது. படகைப் பழுது பார்த்து முதல் தடவை கடலுக்குப் போன அன்று, கரை சேர்ந்ததும் செபஸ்தியான் மகளுக்குப் போன் போட்டார். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"ஏட்டி, முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் வயர்லெஸ்ல உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு பய நம்பல. அம்புட்டுப் பேரும் பத்தைக் கழிச்சு அங்க போய் நிக்கானுவ!"

கிளாராவும் சிரித்தாள். அவர் குரலுக்குப் பின்னால், கூடையைச் சரியாகப் பிடிக்கச் சொல்லி முத்துராஜை டெர்வின் ஏசிக்கொண்டிருந்தது கேட்டது. அன்று கணினி முன்னால் வராத அழுகை அவளுக்கு இப்போது வந்தது. பாலகுமார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நன்றாக அழுதாள்.