வாயுள்ள மெத்தை

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, கல்யாணம் முடிந்த அதே வாரத்தில் அவர் தன் சீர் மெத்தையைத் தரையில் கவிழ்த்துப்போட்டு, கத்தரிக்கோலால் விளிம்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்த காட்சிதான். ரோஜா நிறத்தில் பளபளவென்று துணி, நடுவில் பெரிய பூ. மண்டபத்தில் கட்டில், பீரோவோடு அதுவும் மேடைக்குப் பக்கத்தில் நின்றது. வந்தவர்களெல்லாம் உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து, "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்கள். அதன் வயிற்றுக்குள்ளிருந்து அண்ணி அள்ளி எடுத்தது என்ன தெரியுமா? கருத்த கட்டிகள், நூல் துணுக்குகள், பனியன் துணிக் கிழிசல், அதற்கெல்லாம் மேலே மெஷின் எண்ணெய் வாடை. ஏதோ மில்லில் தரையைக் கூட்டி அள்ளியதை அப்படியே உள்ளே திணித்திருந்தார்கள். அம்மா நிலைப்படியில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். சீரில் குறை சொல்வது மாமியாரின் உரிமை. இங்கே மருமகளே முந்திக்கொண்டதால் யாரைத் திட்டுவதென்று அவருக்குப் புரியவில்லை.

மெத்தை வாங்கிய கடை வேறு யாருடையதும் இல்லை, அண்ணியின் சொந்தத் தாய்மாமனுடையது. உள்ளிருந்து எடுத்ததில் ஒரு கைப்பிடியைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு, துடியலூரில் பஸ் ஏறி டவுனுக்குப் போனார் அண்ணி. துணைக்கு நான். மாமன் பொட்டலத்தைப் பார்த்துக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். பிறகு நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, சீர் மெத்தைய ஆராச்சும் பிரிச்சுப் பாப்பாங்களா?"

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. காசு கொடுக்கிற பெண்ணின் அப்பா அதில் ஒருநாளும் படுக்கப்போவதில்லை. படுக்கிற பெண், பிறந்த வீட்டு மானம் போய்விடும் என்று வாயைத் திறக்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்தால் அந்த அடி பெண்ணின் தலையில்தான் விழும். ஆக, முதுகு வலிக்கிற எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு ஊரே மெத்தை விற்றுக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "படுக்கறவங்க சொல்லோணும் அம்மணி. வாங்கறவங்க சொன்னாப் பத்தாது."

வீட்டுக்குப் பின்னால், அப்பா மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்த கொட்டகை அப்போது சும்மா கிடந்தது. அங்கேதான் அண்ணி மெத்தை செய்யத் தொடங்கினார். டவுனிலிருந்து மெத்தை தைக்கிற பாய் ஒருவர் வந்து சேர்ந்தார். அண்ணியின் மெத்தையில் ஒரு விசித்திரம் உண்டு. தலைமாட்டில் கை நுழையும் அளவுக்குத் தைக்காமல் விட்டு, நாடா வைத்து முடிச்சுப் போட்டிருப்பார். வாங்குகிறவர் முடிச்சை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு, எந்த மூலையிலிருந்து வேண்டுமானாலும் பஞ்சைப் பிடுங்கிப் பார்க்கலாம். "வாய் வெச்சா மெத்தைக்கு ஆயுசு கம்மிங்க" என்று பாய் முணுமுணுத்தார். "பொய்யி இருந்தா இன்னும் கம்மிங்க பாய்" என்றார் அண்ணி. பாய் சிரித்துக்கொண்டே நாடா தைத்தார், ஆனால் கடைசிவரை அவருக்கு அதில் சம்மதம் இல்லை.

கடைகளில் கையால் அமுக்கிக் காட்டுவதை அண்ணியால் தாங்கவே முடியாது. கையா படுக்கப்போகிறது என்று சீறுவார். பக்கவாட்டில் படுத்துப் பார், இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கை தாராளமாகப் போய்வந்தால் அது உனக்குக் கெட்டி. இடுப்பு குழியில் இறங்கினால் அது உனக்கு மெத்து. பஞ்சை இறுக்கிப் பிடித்து விடு, மெல்ல எழும்பினால் நல்ல பஞ்சு, உருண்டையாகவே கிடந்தால் கழிவு. ஒரு சிட்டிகையைத் தீயில் காட்டு, சாம்பலானால் பருத்தி, உருகி மணிமணியாகத் திரண்டால் பாலியஸ்டர். இத்தனையும் அவருக்கு எங்கிருந்து தெரியும் என்று கேட்டால், "கெட்ட மெத்தையில படுத்துத்தான்" என்பார். கேட்கிறவர்களுக்கு அது கேலி போலத் தெரியும். அவர் உண்மையைத்தான் சொன்னார்.

மாமன் சும்மா இருப்பாரா? சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம், "என்ற அக்கா புள்ள வாய் பொளந்த மெத்தை தெக்கிறா, ராத்திரியில ஆள முழுங்கிப்போடும், சூதானம்" என்று பேசிச் சிரிக்கவைத்தார். துடியலூரிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் கல்யாண வீட்டார் யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. வாயைத் திறந்து காட்டும் மெத்தையைச் சீராக வைத்தால், சம்பந்தியைச் சந்தேகப்படச் சொல்வது போலாகிவிடுமாம். அம்மா ஒருநாள் முடிவாகச் சொன்னார்: "போனாப் போகுதுன்னு உடறேன் கண்ணு. ஆனா வித்த மெத்த ஒண்ணே ஒண்ணு திரும்பி வந்தாலும் கொட்டாயப் பூட்டிப்போடோணும். செரியா?" அண்ணி "செரிங்க அத்தை" என்றார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வரன் வரும்வரை வீட்டில் இருந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. அங்கே கூட்டிப்போய் அண்ணிக்கு இன்டர்நெட்டைக் காட்டினேன். ஊரில் உள்ளவர்கள்தான் வாங்கவில்லை, அமெரிக்காவில் இருந்துகொண்டு இங்கே அப்பா அம்மாவுக்கு மெத்தை வாங்கித் தர நினைக்கிற பிள்ளைகள் இருப்பார்களே என்றேன். அண்ணி, "இதும் சீர் மாதிரியேதான் அம்மணி. காசு குடுக்கறவன் அங்க, முதுகு இங்க" என்றார். பிறகு, "அதனாலதான் நாம செய்யோணும்" என்றார். இன்டர்நெட்டில் ஒரே ஒரு பக்கம் போட்டோம். முடிச்சவிழ்ந்த மெத்தை, அதற்குள்ளிருந்து பஞ்சோடு வெளியே வரும் அண்ணியின் கை. அந்தப் படம் திரையில் முழுதாக வந்து சேர்வதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கீழே ஒரு நிபந்தனை: வாங்குகிறவர் சொல்வது கணக்கில்லை, படுக்கிறவர் சொல்ல வேண்டும்; அவருக்குப் பிடிக்காவிட்டால் சரிசெய்து தருவோம். இன்றைக்குச் செல்போனில் தட்டினால் மெத்தையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று விளம்பரத்தில் ஒரு நடிகர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அண்ணி அதைச் சொன்னபோது ஊரே எங்களைப் பார்த்துத்தான் சிரித்தது.

முதல் ஆர்டர் அமெரிக்காவிலிருந்து, அவிநாசியில் இருந்த அப்பா அம்மாவுக்காக ஒரு மகன் கொடுத்தது. அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், கனத்த உடம்பு. அம்மா ஒடிசலாக, குரலே வெளியே வராத பெண்மணி. டெம்போவில் கொண்டுபோய் இறக்கி, கட்டிலில் விரித்து, அந்த அம்மாவைப் படுத்துப் பார்க்கச் சொன்னோம். படுத்தார். எழுந்தார். "நல்லாருக்குதுங்க கண்ணு" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டெம்போவில் அண்ணி மட்டும் உம்மென்று வந்தார். என்ன அண்ணி என்றேன். "மண்டபத்துல சொன்ன நல்லாருக்குதுங்க அது. நானும் உங்க ஊட்டுல மொதல் நாளு அதையேதான் சொன்னேன்" என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதை வழிந்தோடும் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். முகத்துக்கு நேராக ஒரு குறை சொல்லத் தெரியாமல் முதுகைத் தேய்த்துக்கொண்டு வாழ்வதும் அந்த மரியாதையில்தான் சேர்த்தி.

கொஞ்ச நாள் கழித்து, அவிநாசி கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, மெத்தை தைக்கிற பாயையும் ஒரு மூட்டைப் பஞ்சையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டார் அண்ணி. நானும் தொற்றிக்கொண்டேன். கோயிலுக்குப் போகவில்லை. நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனோம். கட்டிலில் வாத்தியார் பக்கம் பள்ளமாகியிருந்தது. அந்த அம்மாவின் கோரைப்பாய் தரையில் சுருட்டி வைத்திருந்தது. புருஷன் கனத்தில் மெத்தை சரிய, ராத்திரி முழுக்க அவர் பக்கமாக உருண்டு உருண்டு, கடைசியில் கீழே இறங்கிப் படுத்துவிட்டார். பையனிடம் போனில் "நல்லாருக்குது கண்ணு" என்று சொல்லியும் இருக்கிறார். எல்லாம் நல்ல பஞ்சு, சமமாக அடைத்த பஞ்சு. சமமாக அடைத்ததுதான் எங்கள் தப்பு. அண்ணி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "வெளிச்சத்துக்குக் கொண்டு போலாங்க பாய், புடிங்க" என்று மெத்தையை வாசலுக்குத் தூக்கிவந்து போட்டார்.

அங்கேதான் வினை. எங்கள் ஊர்களில் படுத்த மெத்தை வாசலுக்கு வந்தால் ஒரே அர்த்தம்தான். எதிர் வீட்டுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வாத்தியாரே, இப்பிடிப் பொசுக்குனு போயிட்டீங்களே" என்று ஓடிவந்தார். பின்னாலேயே தெருவே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாத்தியார், "இன்னும் போகலீங்க" என்றார். சிரித்தவர்கள் சிலர், பயந்தவர்கள் பலர். வாத்தியாருக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. உயிரோடு இருக்கிற வீட்டிலிருந்து மெத்தையை வெளியே எடுத்த தரித்திரங்களா என்று தொடங்கி, "இனி இது என்ற ஊட்டுக்குள்ள வரப்படாது, கையோட எடுத்துட்டுப் போங்க" என்று முடித்தார். எனக்கு எங்கள் அம்மாவின் முகம் கண்முன் வந்தது. இதைத் துடியலூருக்குக் கொண்டுபோனால் கொட்டகைக்குப் பூட்டு.

அண்ணி வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். தெருவே பார்க்கக் கையை உள்ளே விட்டுப் பஞ்சை வெளியே எடுத்து, வாத்தியார் பக்கத்துக்கு மூட்டையிலிருந்து அள்ளி இறுக்கித் திணித்தார், அந்த அம்மா பக்கத்தை இளக்கினார். துக்கம் கேட்க வந்தவர்களே ஒவ்வொருவராகக் குனிந்து பஞ்சைத் தொட்டுப் பார்த்தார்கள். பாய் தைத்து முடித்ததும் அண்ணி அந்த அம்மாவைப் பார்த்து, "வாங்கம்மா, படுத்துப் பாருங்க" என்றார். அத்தனை பேர் முன்னால், நட்டநடு வாசலில். அந்த அம்மா புருஷனைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தே விட்டார். "நல்லாருக்குதுங்க கண்ணு" என்றார். அண்ணி விடவில்லை. "நெசமாங்களா?" அந்த அம்மா கண்ணை மூடி இரண்டு பக்கமும் புரண்டார். "இல்லீங்க. தோள்கிட்ட இன்னும் கட்டையா இருக்குது" என்றார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான். அண்ணியின் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்தால், யாரோ மாலை போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பீர்கள். மறுபடி நாடா, மறுபடி பஞ்சு. இந்தத் தடவை அவர் எழுந்திருக்கவே நேரமானது.

வாத்தியார் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். அந்த அம்மா மெத்தையின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினார். "படுக்கறது நானுங்க. நீங்க அந்தப் பக்கம் புடிங்க" என்றார். வாத்தியார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து பிடித்தார்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, பையனுக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பச் சொல்லி ஒரு சேதி சொன்னார். அன்று சாயங்காலம் பிரவுசிங் சென்டரில், தமிழ் எழுத்து இல்லாததால் இங்கிலீஷ் எழுத்திலேயே அவர் பேச்சை அப்படியே அடித்தேன்: "நீ வாங்கிக் குடுத்த மெத்த நல்லா இல்ல கண்ணு. வாயத் தொறந்து சொன்னேன். செரி பண்ணிக் குடுத்துட்டாங்க." பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்த அண்ணி, "இதையே நம்ம பக்கத்துல மேல போடு" என்றார். "அண்ணி, நல்லா இல்லன்னு ஆராச்சும் அவிய கடையிலயே எழுதி வெப்பாங்களா?" என்றேன்.

"நாம வெப்போம்" என்றார் அண்ணி.